ஒரு சவரன் ஃபைனல்

என் மருமகன் அமெரிக்காவில் சனிக்கிழமையானால் பூங்காவுக்குத் தட்டு எறியப் போகிறார். கேலிக்குச் சொல்லவில்லை, டிஸ்க் கோல்ஃப் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மரங்களுக்கு நடுவே கம்பத்தில் ஒரு கூடை நிற்கும். எத்தனை குறைவான வீச்சில் பிளாஸ்டிக் தட்டைக் கூடையில் போடுகிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். இதையே தொழிலாக வைத்துக்கொண்டு போட்டி போட்டியாக ஊர் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்களாம். வீடியோ காலில் அவர் இதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “சோத்துக்கு என்ன பண்றாங்க?”

“மேல இருக்கற கொஞ்சம் பேருக்கு நல்ல காசு அத்தை. மத்தவங்க வேன்லயே படுத்து எழுந்து ஊர் ஊராப் போறாங்க. ஜெயிக்கற காசு பெட்ரோலுக்கும் என்ட்ரி ஃபீஸுக்கும் சரியாப் போயிடும்.”

“இதைத் தெரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போகணுமா மாப்பிள்ளை? எங்க கேரம் கதையேதான்” என்றேன்.

அந்த வாரம்தான் நான் ஓய்வு பெற்றேன். அலுவலகத்தில் மாலை, சால்வை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடந்தது. எங்கள் கேரம் அணிக்குப் புதிதாக வந்த பெண் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, “மேடம், வேலைய விட்டுட்டு முழுநேரமா டோர்னமென்ட் ஆடினா மாசம் எவ்ளோ வரும்?” என்று கேட்டாள். இப்போது ஆட்டங்களை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். கீழே கைதட்டல் படங்கள் பறக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. “உனக்கென்ன பைத்தியமா?” என்று தொண்டை வரை வந்தது. வாயில் பாயசம் இருந்ததால் தப்பித்தாள். அவளுக்கு அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோமதி. மந்தைவெளிக்காரி. அண்ணா சாலையில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் விளையாட்டுப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிலேயே கண்காணிப்பாளராகி வெளியே வந்தேன். கேரம் சுமாராக ஆடுவேன். சுமாராக ஆடுகிறவர்கள் நல்ல அம்பயர் ஆகலாம் என்று எங்கள் விளையாட்டு அதிகாரி வரதன் சார் சொன்னார். பரீட்சை எழுதினேன், பாஸானேன். அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கேரம் போர்டுக்கே போயின. கணவர் திட்டிப் பார்த்தார், பிறகு தானே சமைக்கக் கற்றுக்கொண்டார். சாம்பார் இப்போது என்னைவிட நன்றாக வைக்கிறார்.

வரதன் சார் மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் பரம்பரையாக இருந்தவர். நகரத்தில் எந்தப் பெரிய போட்டி நடந்தாலும் தலைமை நடுவர் அவர்தான். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஹாலுக்குள் நுழைந்துவிட்டால் எல்லோருக்கும் மரியாதைதான். பத்து வயதுப் பெண் ஆட வந்தாலும் “வாங்கோ, உக்காருங்கோ” என்பார். வாசலைத் தாண்டினால் அதே பெண்ணை “ஏண்டி, சாப்பிட்டியா?” என்பார். என்னிடமும் அப்படித்தான். அவர் என்னை ‘நீங்கள்’ என்று சொன்னால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

போர்டைச் சோதிப்பதை அவரிடம்தான் கற்றேன். முதலில் நாலு மூலையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பவுடரைத் தூவி, பஞ்சால் அல்ல, உள்ளங்கையால் பரப்ப வேண்டும். ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் அது எதிர்ச்சட்டத்துக்கும் இங்குமாக மூன்றரை முறையாவது போய்வர வேண்டும். வராவிட்டால் போர்டை மாற்றச் சொல்வார், அமைச்சரே பார்க்க வந்திருந்தாலும் சரி. ஆட்டக்காரர் உட்கார்ந்த பிறகு நாற்காலியை நகர்த்தக் கூடாது. ஸ்ட்ரைக்கரைத் தவிர வேறெதுவும், விரலோ வளையலோ துணியோ, காயின் மேல் பட்டால் ஃபவுல். அடிக்கும் வாய்ப்பு எதிராளிக்குப் போய்விடும், போட்ட காயினில் ஒன்றும் திரும்ப வெளியே வரும். இதில் அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. அம்பயர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது எதிராளி பார்த்ததாகச் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால், ஆடியவரே ஒப்புக்கொண்டாலும், அது நடக்கவே இல்லை.

இனி சம்பாத்தியத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஜெயித்தால் கோப்பை கிடைக்கும், மிக்ஸி கிடைக்கும், டேபிள் ஃபேன் கிடைக்கும். ராயப்பேட்டையில் ஓர் ஆட்டக்காரர் வீட்டில் ஏழு மிக்ஸி இருந்தது, அரைக்க ஒன்றும் இல்லை. ரொக்கப் பரிசு தரும் போட்டி வருடத்தில் சில வரும். அதில் முதல் இரண்டு பேருக்குத்தான் கையில் ஏதாவது நிற்கும். மற்றவர்களுக்கு பஸ் செலவும் சம்பள வெட்டும்தான் மிச்சம். ஆகவே எவரும் பரிசுப் பணத்துக்காக ஆடுவதில்லை. தேசியப் போட்டிக்குப் போனால் ஒரு சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழைக் கொண்டு எங்களைப் போன்ற அலுவலகங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கலாம். கேரம் ஆட்டக்காரரின் வருமானம் என்பது அந்த வேலைதான்.

ரொக்கப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஃபைனலுக்கு வந்த இருவரும் ஆட்டத்துக்கு முன்பே தனியாகப் போய், முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் கூட்டி ஆளுக்குச் சரிபாதி என்று பேசிக்கொள்வார்கள். ‘பாதி பேசுவது’ என்பார்கள். அதன்பின் ஆட்டத்தை உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், ஆனால் தோற்றவர் வெறுங்கையோடு போகமாட்டார். வரதன் சாருக்கு இது தெரியும். “துட்டுக்குப் பாதி பேசிக்கட்டும், ஆட்டத்துக்குப் பேசப்படாது” என்பார். ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். எங்கள் அலுவலகத்தில் ஒரு டேபிள் டென்னிஸ்காரர் அப்படி விட்டுக்கொடுத்ததாகப் பேச்சுக் கிளம்பி, விசாரணை வைத்து, அவரை வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். பாவம், பொண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போனார்.

பனகல் பார்க்கைச் சுற்றி மெட்ரோவுக்குத் தோண்டாத காலம். தி.நகரில் நகைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தன் கடைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கான கேரம் போட்டி நடத்தினார். முதல் பரிசு இருபதாயிரம், இரண்டாம் பரிசு பத்தாயிரம் என்று அறிவிப்பு. ஃபைனலுக்கு வந்தவர்கள் பர்வீனும் செல்வியும்.

பர்வீன் எங்கள் அலுவலகத்துக்காரி. மீர்சாகிப்பேட்டைப் பெண். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். செல்வி பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இருந்தாள். ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டு புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. அதற்கு நடுவே எப்படித்தான் பழகினாளோ, அந்த வருடம் தேசியப் போட்டிக்கான தமிழ்நாட்டு அணியில் இடம்பிடித்துவிட்டாள். ஆனால் ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் அவரவர் செலவு. திங்கட்கிழமை காலைக்குள் பணம் கட்டாவிட்டால் அவளுக்குப் பதில் வேறொரு பெண் போவாள். அடுத்த வருடம் வரை காத்திருந்தால் வேலைக்கான வயது தாண்டிவிடும். ஃபைனல் நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். அவளுக்கு அந்த ஒரு பொழுதுதான் இருந்தது.

இருவரும் காலையிலேயே பாதி பேசிவிட்டார்கள். முப்பதாயிரத்தில் பாதி பதினைந்து. செல்வியின் செலவுக்கு அது போதும். ஜெயித்தாலும் தோற்றாலும் போகலாம் என்று அவள் இட்லியை நிம்மதியாகச் சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

மதியம் முதலாளி மைக்கைப் பிடித்தார். “ரொக்கம் குடுத்தா ரெண்டு நாள்ல கரைஞ்சு போவும். தங்கம் நிக்கும்லா! அதனால முதல் பரிசு ஒரு சவரன் சங்கிலி. ரெண்டாம் பரிசு வெள்ளிக் குத்துவிளக்கு. ஜெயிக்கிற பிள்ளைக்கு நானே என் கையால சங்கிலி போட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போறேன்!” மண்டபமே கைதட்டியது. செல்வியின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிட்டது.

பர்வீன் தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “இன்னாக்கா இந்த ஆளு! சங்கிலிய எப்படிப் பாதி போடறது? கத்திரிச்சா குடுக்க முடியும்?”

“உள்ள நான் அம்பயர். எங்கிட்டப் பேசாதே” என்று துரத்தினேன்.

அவள் செல்வியிடம் போய், “ஆடி முடிப்போம், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொன்னது காதில் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வேலையில் இருப்பவள் பர்வீன், அவள் எப்படியும் விட்டுக்கொடுப்பாள் என்று பேச்சு. எங்கள் அலுவலக ஆட்கள் நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

ஆனால் பர்வீன் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் கேம் செல்விக்கு, இரண்டாவது பர்வீனுக்கு. காயின்களை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பதை ஒரு போர்டு என்போம்; மூன்றாவது கேம் கடைசி போர்டு வரை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த போர்டை யார் முடிக்கிறார்களோ அவர்களுக்கே சங்கிலி. பர்வீனுக்கு ஒரு வெள்ளைக் காயின் பாக்கி. செல்விக்கு ஒரு கறுப்புக் காயின் பாக்கி, அதுவும் பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. வாய்ப்பு கிடைத்தால் ஊதினாலே விழுந்துவிடும். அடிக்க வேண்டியது பர்வீன்.

வழக்கமாக ஆடும்போது துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்வாள். அன்று முதலாளி போட்டோவுக்காக எல்லோரையும் நன்றாக உடுத்தி வரச் சொல்லியிருந்ததால் தோளில் ஊசி குத்தி அழகாகத் தொங்கவிட்டிருந்தாள். இடதுபக்கமாகக் குனிந்து குறி பார்த்தாள். நான் அவளுக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் முதுகும் தோளும்தான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று நிமிர்ந்தாள்.

“அம்பயர், ஃபவுல். துப்பட்டா கறுப்பு காயின்ல பட்டுச்சு.”

மண்டபத்தில் ஒரு விசில். “நல்லா சீன் போடறம்மா!” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன். ஒரு பக்கம் நெகிழ்ச்சி, ஒரு பக்கம் ஆத்திரம். அடிப்பாவி, அலுவலக ஆட்கள் நாலு பேர் பார்க்கிறார்களே, இத்தனை பட்டவர்த்தனமாகவா என்று நினைத்தேன். கையைத் தூக்கி வரதன் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “நீங்க பாத்தேளா?” என்று என்னைக் கேட்டார்.

“பார்க்கலை சார். அவ தோள் மறைச்சிடுத்து.”

எதிரே திரும்பினார். “நீங்க பாத்தேளா?”

செல்வி நேராக உட்கார்ந்து, “இல்ல சார். எதுவும் படல” என்றாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வலிய வந்த சங்கிலியை வேண்டாம் என்கிறாளே, என்ன ரோஷம் என்று பக்கத்தில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஃபவுல் இல்லை. ஆட்டம் தொடரலாம்” என்றார் வரதன் சார்.

பர்வீன் என்னைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தாள். முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. துப்பட்டாவின் ஊசியைப் பிடுங்கி, அதை இடுப்பில் சுற்றி முடிந்தாள். குனிந்தாள். குறி பார்க்கக்கூட இல்லை என்று தோன்றியது, அத்தனை வேகம். வெள்ளைக் காயின் எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பி வந்து பாக்கெட்டில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. பவுடர் பறந்த கையை உதறிக்கொண்டு எழுந்து, என்னிடம் தணிந்த குரலில், “பாக்கலைன்னு சொன்ன, சரி. நம்பலைன்னு உன் மூஞ்சியே சொல்லுச்சுக்கா” என்றாள்.

மேடையில் முதலாளி சங்கிலியைப் போட்டுவிட்டார். நாலைந்து போட்டோ எடுத்தார்கள். அவர் மைக்கை நீட்டி, “ரெண்டு வார்த்தை பேசு தாயி” என்றார்.

“மொதலாளி, இத்த நீங்களே எடுத்துக்கினு காசா குடுப்பீங்களா?” என்றாள் பர்வீன்.

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. “என்ன தாயி, இப்பத்தான போட்டேன்? நான் போட்ட நகைய எனக்கே விக்கியா?”

“போட்டோ எடுத்தாச்சுல்ல? உங்க கடைக்கு அது போதும். எங்க ரெண்டு பேருக்கும் பாதி பேச்சு கீது. சங்கிலிய எப்படிக் கத்திரிக்கிறது, சொல்லுங்க? இந்தப் பொண்ணு நாளைக்குக் காலைல துட்டு கட்டலைன்னா நேஷனல்ஸ் போவ முடியாது.”

“எடுத்துக்கலாம். ஆனா செய்கூலி, சேதாரம் போவும்...”

“குடுக்கும்போது மைக்ல அதெல்லாம் சொல்லலியே?”

மண்டபம் இப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தது. முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். “வெவரமான பிள்ளதான் நீ” என்று கடைக்கு ஆள் அனுப்பினார். சங்கிலிக்கு அன்றைய விலையில் முழுசாக இருபதாயிரம் கொடுத்தார். செல்விக்குக் கிடைத்த விளக்கை மட்டும் பழைய வெள்ளி விலைக்குத்தான் எடுத்தார். வியாபாரி வியாபாரிதானே. பாதி போட்டால் பதினைந்துக்குக் கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் செல்வியின் செலவுக்குப் போதுமானதாக இருந்தது.

செல்வி மறுநாள் பணம் கட்டினாள், ரயில் ஏறினாள், காலிறுதி வரை வந்து தோற்றாள். சான்றிதழுக்கு அது போதும். வயது தாண்டுவதற்கு முன்பே ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. அணிக்குப் புதிதாக வந்த பெண் பந்தியில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நடந்ததை அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனகல் பார்க் ஸ்டாப்பில் நாங்கள் மூவரும் நின்றோம். ஊரே துணிப்பையும் நகைப்பையுமாக எங்களை இடித்துக்கொண்டு போனது. பர்வீன் என் பக்கம் திரும்பவே இல்லை. செல்விதான் நடுவில் நின்றாள். மெதுவாக என் முழங்கையைத் தொட்டாள்.

“கோமதிக்கா, பட்டுச்சு. நான் பாத்தேன்.”

எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. “என்னடி பட்டுச்சு?”

“துப்பட்டா. என் காயின் லேசா நகந்துச்சு. பர்வீன்கா சொன்னது நெசம்தான்.”

பர்வீன் சரேலென்று திரும்பினாள். “பாத்தியா? பாத்துட்டா இல்லைன்னு சொன்ன? அத்தினி பேர் எதிர்ல என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி பாவி!”

“ஆமாக்கா” என்றாள் செல்வி. “நானும் ஆமான்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கினு ஆடறாங்க, பர்வீன் மேட்ச்ச வுட்டுக் குடுத்துட்டான்னு சொல்வாங்க. உங்க ஆபீஸ் ஆளுங்க முன்னாடியே குந்திக்கினு இருந்தாங்க. அந்த டேபிள் டென்னிஸ்காரருக்கு நடந்தது நீதானே எனக்குச் சொன்ன? எனக்கு வேலை வாங்கப் போயி உன் வேலைக்கு ஆபத்து வந்தா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

பர்வீன் ஸ்டாப்பிலிருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, முடிந்த துப்பட்டாவை அவிழ்த்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் விசிலடித்தபோது அழாதவள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. இத்தனை வருடம் இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர்களை விளங்கிக்கொள்ள எனக்குத் துப்பில்லை.

கொஞ்சம் பொறுத்து பர்வீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையைத் தூக்கினாள். அழுகையிலும் கோபம் போகவில்லை அவளுக்கு.

“லூசாடி நீ? அங்கியே சொல்லியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப. கப்பு உன்னுது, போட்டோ உன்னுது. சங்கிலி உன் கழுத்துல ஏறியிருக்கும்டி!”

செல்வி அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

“ஏறினா இன்னாக்கா? துட்டு அப்பவும் பாதிதானே.”